கம்போடியா, நான்காம் நாள்: மணல் கழுவிய காலை, அங்கோர் வாட் பார்த்த மாலை

நேற்று எழுத உட்கார்ந்து மூன்று வரி எழுதுவதற்குள் தூங்கிவிட்டேன். இன்றைக்கு அப்படி விடக் கூடாது என்று குளித்த கையோடு விடுதி வராந்தாவில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். தோள்பட்டை வலிக்கிறது, நகக்கண் எல்லாம் செம்மண். ஆனாலும் இந்த ஒரு நாளை எழுதாமல் விட்டால் மனசு கேட்காது.

முதல் மூன்று நாள் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் எங்கள் தமிழ்ச் சபையிலிருந்து 11 பேர், சீனப் புத்தாண்டு விடுமுறையோடு மூன்று நாள் லீவு சேர்த்துக்கொண்டு, கம்போடியாவில் சியம் ரீப் நகரத்துக்கு வந்திருக்கிறோம். ஊழியப் பயணம் என்றவுடன் பிரசங்கம், துண்டுப் பிரதி என்றுதான் நிறையப் பேருக்குத் தோன்றும். வீடு வீடாகப் போய்ப் பிரசங்கம் செய்ய இங்கே அரசு அனுமதி இல்லை, அது தெரிந்துதான் வந்தோம். கெமர் என்பது இந்த நாட்டு மக்களுக்கும் அவர்கள் மொழிக்கும் பெயர். இங்கே உள்ள ஒரு சின்ன கெமர் சபை பக்கத்துக் கிராமங்களில் தண்ணீர் வடிகட்டி வைத்துக் கொடுக்கிறது. அவர்களுக்கு ஆள் வேண்டும், நாங்கள் ஆள். அவ்வளவுதான் எங்கள் ஊழியம்.

காலை 5 மணிக்கு எழுந்து ஜெபம். காபி குடிக்கும்போது அதே விடுதியில் தங்கியிருக்கிற இன்னொரு குழுவினர், இன்று ஒரு அனாதை இல்லத்துக்குப் போகிறோம், பிள்ளைகளோடு விளையாடலாம், நீங்களும் வாருங்களேன் என்று அன்பாகக் கூப்பிட்டார்கள். எங்களில் இரண்டு பேருக்கு ஆசைதான். பாஸ்டர் நன்றி சொல்லி மறுத்துவிட்டார், அப்புறம் வேனில் ஏறியதும் காரணத்தைச் சொன்னார். இந்த நாட்டில் இல்லங்களில் இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள் வந்து பார்த்து, படம் எடுத்து, பணம் கொடுக்கக் கொடுக்க இல்லங்கள் பெருகின, ஏழைக் குடும்பங்களும் படிப்பு கிடைக்குமே என்று பிள்ளைகளை அனுப்பிவைத்தன. 2011-லேயே யுனிசெஃப் துணையோடு, பிள்ளைகள் சுற்றுலாக் காட்சிப் பொருள் இல்லை என்று இங்கே ஒரு பிரசாரமே நடந்திருக்கிறது. ஒரு மணி நேரம் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு நாம் பிளேன் ஏறிவிடுவோம், அடுத்த வாரம் அதே பிள்ளை இன்னொருவர் மடியில் உட்கார வேண்டும், அது அந்தப் பிள்ளையை என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள் என்றார். வேனில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. என் மகளுக்கு ஆறு வயது. எனக்கு அவள் முகம்தான் வந்துபோனது.

ஊருக்கு வடக்கே, பழைய கெமர் ராஜாக்களின் கோயில்கள் இருக்கிற அங்கோருக்குப் போகிற சாலையில் ஒரு குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. ஏழாம் ஜெயவர்மன் பெயர் வைத்திருக்கிறார்கள். கந்தா போபா மருத்துவமனைகள் என்று பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள், பியாட் ரிச்னர் என்கிற சுவிட்சர்லாந்து டாக்டர் நடத்தியவை, இது 1999-ல் திறந்தது. பிள்ளைகளுக்கு வைத்தியம் முழுக்க இலவசம். அவர் செல்லோ வாசித்து, கச்சேரி வைத்துப் பணம் திரட்டியவர், 2018-ல் இறந்துபோனார். நாங்கள் அந்த வழியாகப் போனபோது பொழுது சரியாக விடியவில்லை, அதற்குள் வாசலில் அம்மாக்கள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் குழுவில் இரண்டு தம்பிகள் நேற்று மத்தியானம் அங்கே போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள், வெளிநாட்டுப் பயணிகளிடமும் வாங்கிக்கொள்கிறார்கள். நாம் அங்கோர் பார்க்க வாங்குகிற ஒவ்வொரு டிக்கெட்டிலும் 2 அமெரிக்க டாலர் இந்த மருத்துவமனைகளுக்குத்தான் போகிறது. ஏழாம் ஜெயவர்மன் தன் ராஜ்ஜியத்தில் 102 மருத்துவமனைகள் இருந்ததாக தா ப்ரோம் கோயிலில் 1186-ல் கல்வெட்டு வெட்டி வைத்த ராஜா. அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தவரை நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது.

டிக்கெட் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், சிலர் கேட்டிருந்தீர்கள். ஒரு நாளைக்கு 37 டாலர், நேரில் போனால் அங்கேயே நம் முகத்தைப் படம் பிடித்து அச்சடித்துத் தருகிறார்கள். நாங்கள் நேற்று சாயங்காலம் 5 மணிக்கு மேல் போய் வாங்கினோம், அப்படி வாங்கினால் மறுநாள் தேதி போட்டுத் தருகிறார்கள். இந்தப் பணம் அவரவர் கைப்பணம். சபையில் காணிக்கையாகச் சேர்ந்த காசில் ஒரு சிங்கப்பூர் வெள்ளிகூட சுற்றிப் பார்ப்பதற்கு எடுப்பதில்லை என்று கிளம்பும்போதே பேசி வைத்தது.

கிராமம் பந்தேய் ஸ்ரேய் கோயிலுக்குப் போகிற பாதையில், பிரா டாக் என்கிற ஊர் தாண்டி உள்ளே. தார்ச்சாலை முடிந்து செம்மண் பாதை வந்தவுடன் நான் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டேன். அறுத்து முடிந்த வயல், வயலுக்கு நடுவிலும் வரப்பிலும் பனை. எங்கே பார்த்தாலும் பனை. நான் மெய்ஞ்ஞானபுரத்துப் பக்கம் பிறந்தவள், தேரிக்காட்டு மணலில் விளையாடி வளர்ந்தவள். அப்பாவைப் பெற்ற தாத்தா பனையேறி. எனக்கு இந்தக் காட்சி வெளிநாடே இல்லை. பனை இந்த நாட்டின் தேசிய மரம், 2005-ல் அறிவித்திருக்கிறார்கள். நமக்கும் மாநில மரம் அதுதான். இனம்கூட வேறில்லை, நம் ஊரில் நிற்கிற அதே பனை.

நாங்கள் போய் இறங்கியபோது அந்த வீட்டுக்காரர் மரத்தின் உச்சியில் இருந்தார். ஐம்பது வயது இருக்கும். இறங்கி வந்தார், இடுப்பில் ஆறேழு மூங்கில் குழாய் தொங்கியது, குழாய் வாயில் நுரை. நம் ஊரில் கலயம், இங்கே மூங்கில் குழாய். நம் ஊரில் புளிக்காமல் இருக்கக் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவோம், இங்கே ஏதோ ஒரு மரத்தின் சீவலைக் குழாய்க்குள் போடுகிறார்கள். பாளையை இடுக்குகிற கட்டை, சீவுகிற அரிவாள், எல்லாம் கிட்டத்தட்ட அதேதான். ஒரு குழாயை நீட்டினார், மொழிபெயர்க்கிற தம்பி "தெக் த்நோட்" என்றான், தெக் என்றால் தண்ணீர், த்நோட் என்றால் பனை. குடித்தேன். சுண்ணாம்பு வாசனை இல்லை, அதற்குப் பதிலாக லேசான புகை வாசனையும் கடைசியில் ஒரு துவர்ப்பும். ஆனால் தொண்டையில் இறங்கும்போது அது பதநீர்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பக்கத்தில் நின்ற ஆன்ட்டி என்னம்மா என்று கேட்டார்கள், பதில் சொல்ல வரவில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவர் சட்டை போடவில்லை, நெஞ்சு வழுவழுவென்று இருந்தது. என் தாத்தாவின் நெஞ்சு அப்படி இருக்காது. மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறி ஏறி நெஞ்சிலும் முன்கையிலும் உள்ளங்காலிலும் தோல் கறுத்து, காய்த்து, மாட்டுத்தோல் மாதிரி இருக்கும். சின்ன வயதில் அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டே தூங்கியிருக்கிறேன். இங்கே அவர்கள் மரத்தைக் கட்டிப்பிடிப்பதில்லை. நீளமான மூங்கில் கழியை, கணுவில் கிளையைக் கொஞ்சம் விட்டு நறுக்கி, அப்படியே மரத்தோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். அந்தக் கிளைக்குச்சிதான் படி. அதில் கால் வைத்து ஏணி ஏறுவதுபோல ஏறிவிடுகிறார். மொத்தம் 18 மரம், காலையும் மாலையும் ஏறுகிறாராம். இதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை, மூங்கில் காய்ந்து முறிந்து விழுந்தவர்கள் ஊரில் உண்டு என்றார். ஆனாலும் அந்த நெஞ்சு.

சரி, வேலைக்கு வருகிறேன்.

நாங்கள் வைக்கிற வடிகட்டிக்கு மின்சாரம் வேண்டாம், மாற்ற வேண்டிய பாகம் எதுவும் கிடையாது. ஒரு கான்கிரீட் பெட்டி, என் இடுப்பு உயரம், காலியாக இருக்கும்போதே நாலு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய கனம். அடியில் பெரிய ஜல்லி ஐந்து சென்டிமீட்டர், அதன்மேல் சிறு ஜல்லி ஐந்து சென்டிமீட்டர், அதற்கு மேல் அரை மீட்டருக்கும் அதிகமாகச் சன்ன மணல். அடியிலிருந்து ஒரு குழாய் சுவருக்குள்ளேயே மேலே ஏறி வெளியே வாய் வைத்திருக்கும். குளத்துத் தண்ணீரை மேலே ஊற்றினால் மணல் வழியாக இறங்கி, குழாய் வழியாக ஏறி, சுத்தமாக வெளியே வரும். 1990-களில் கனடாவில் கால்கரி பல்கலைக்கழகத்து டேவிட் மான்ஸ் என்பவர் வீட்டு உபயோகத்துக்கு என்று வடிவமைத்தது. சூட்சுமம் அந்தக் குழாயின் உயரத்தில் இருக்கிறது. ஊற்றுவதை நிறுத்தினாலும் மணலுக்கு மேலே ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் எப்போதும் நிற்கும்படி அதை வைத்திருக்கிறார்கள். அந்த ஈரத்தில் மணலின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் ஒரு படலமாக வளர்ந்து, தண்ணீரோடு வருகிற கிருமிகளைத் தின்றுவிடுகின்றன. படலம் முழுதாக வளர ஒரு மாதம்வரை ஆகும், அதுவரை தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். தண்ணீர் அதிகமாக நின்றால் அந்த உயிர்களுக்குக் காற்று போகாது, குறைவாக நின்றால் வெயிலில் காய்ந்துவிடும்.

வேலை சொல்லிக்கொடுப்பவர் இந்த ஊர்ப் பெண், நாற்பது வயதுக்காரர். நாங்கள் அவரைப் போங் என்று கூப்பிடுகிறோம். மூத்தவர்களை, அண்ணன் ஆனாலும் அக்கா ஆனாலும், கெமர் மொழியில் போங் என்பார்கள். பாட்டியை யேய், தாத்தாவைத் தா. நம்மைப் போலவே உறவு சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மரியாதை இல்லை.

இன்று எனக்கும் இரண்டு அக்காக்களுக்கும் மணல் கழுவுகிற வேலை. கல் உடைக்கிற இடத்திலிருந்து வந்த மணல், முந்தாநாளே சலித்து வைத்தோம். வாளியில் பாதி மணல், அதற்கு மேல் தண்ணீர், கையை முழங்கை வரை விட்டுச் சுழற்ற வேண்டும், கலங்கல் தண்ணீரைச் சாய்த்துக் கொட்ட வேண்டும், மறுபடி தண்ணீர். கேட்பதற்கு லேசு, இருபது வாளி கழுவினால் தெரியும். நான் மனசு வைத்துச் செய்தேன். பிள்ளைகள் குடிக்கப் போகிற தண்ணீர் ஆயிற்றே என்று எட்டுத் தடவை, பத்துத் தடவை கழுவி, தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்த பிறகுதான் நிறுத்தினேன். ஐந்து வாளி இப்படி முடித்துவிட்டுப் பெருமையாகப் போங்கைக் கூப்பிட்டேன்.

அவர் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் என் மணல் ஒரு பிடியும் தண்ணீரும் போட்டு, மூடி, நாலு சுழற்றுச் சுழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். அப்புறம் பக்கத்து அக்கா நாலே தடவை கழுவிய மணலைப் போட்டு அதேபோல் சுழற்றிக் காட்டினார். அதில் தண்ணீர் லேசாகக் கலங்கியிருந்தது, மணலின் மேல்மட்டம் மங்கலாகத் தெரிந்தது. இதுதான் சரி என்று அதைக் காட்டிச் சொன்னார். ஜல்லியை எவ்வளவு வேண்டுமானாலும் கழுவலாம், சன்ன மணலை அப்படிக் கழுவக் கூடாதாம். கழுவக் கழுவ பொடிமணல் எல்லாம் தண்ணீரோடு போய்விடுகிறது, மிச்சம் இருக்கிற மணலுக்கு நடுவே இடைவெளி பெரிதாகி, தண்ணீர் வேகமாக இறங்கிவிடும், கிருமி பிடிபடாது. பார்க்கப் பளிச்சென்று இருக்கும், குடிக்கிற பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வரும். என் ஐந்து வாளியை அவர் தனியாக ஒதுக்கி வைத்தார்.

எனக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது. ஒரு மணி நேர வேலை. போங் என் முகத்தைப் பார்த்துவிட்டார்போல, பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என் கையைத் தன் கையால் பிடித்து வாளிக்குள் விட்டு, எத்தனை சுழற்று, எப்போது சாய்க்க வேண்டும், எந்த நிறத்தில் நிறுத்த வேண்டும் என்று வாயால் ஒரு வார்த்தை சொல்லாமல் காட்டிக்கொடுத்தார். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. இந்தக் கையால் எத்தனை வீட்டு மணலைக் கழுவியிருப்பாரோ. உதவி செய்ய வந்தவள் என்று நினைத்துக்கொண்டு வந்தேன், அவர் எனக்குத் தன் வேலையைக் கற்றுத்தருகிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. நான் கெடுத்த மணலை அப்புறம் குறைவாகக் கழுவிய மணலோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, பாட்டிலில் போட்டுப் போட்டுப் பார்த்துச் சரிசெய்தோம். வீணாகவில்லை.

மணலைப் பெட்டிக்குள் போடும்போதும் ஒரு முறை இருக்கிறது. முதலில் தண்ணீர், அதற்குள்தான் மணல். காய்ந்த பெட்டியில் மணலைக் கொட்டி மேலே தண்ணீர் ஊற்றினால் நடுவில் காற்று சிக்கிக்கொள்ளும். எல்லாம் நிரப்பி, துளை போட்ட தட்டை மேலே வைத்து, வாளி வாளியாக ஊற்றி ஓடவிட்டுப் பார்த்தோம். ஒரு லிட்டர் பாட்டில் நிறைய இரண்டரை நிமிடத்துக்குக் குறையக் கூடாது. அந்த வீட்டுப் பையன் என் போனை வாங்கி நேரம் பார்த்தான். 2 நிமிடம் 50 விநாடி. அவன் கத்திய கத்தலில் கோழி எல்லாம் சிதறி ஓடியது.

அந்த வீட்டில் ஒரு யேய் இருக்கிறார், வீட்டுக்காரரின் அக்கா, 65 வயது. கட்டம்போட்ட துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு காலை முழுக்கத் திண்ணை மாதிரி ஒரு மூங்கில் கட்டிலில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் மணல் வாளியை இரண்டு இரண்டு பேராகக் கம்பில் மாட்டித் தூக்கிப் போகும்போது ஏதோ சொன்னார். தம்பி உடனே மொழிபெயர்க்கவில்லை. நான் கேட்ட பிறகுதான் மெதுவாகச் சொன்னான். அவரும் பதினைந்து வயதில் இப்படித்தான் மண் சுமந்தாராம், வாய்க்கால் வெட்டுகிற இடத்தில், காலையிலிருந்து இருட்டுகிற வரை, வெறும் கஞ்சியைக் குடித்துவிட்டு. 1975 ஏப்ரலிலிருந்து 1979 ஜனவரி வரை கெமர் ரூஜ் ஆட்சி, போல் பாட்டின் கம்யூனிஸ்ட் படையினர். இந்த நாட்டில் ஏறத்தாழ 17 லட்சம் பேர் அந்த நாலு வருஷத்துக்குள் செத்துப்போனார்கள், பட்டினியிலும் நோயிலும் வேலையிலும் அடித்துக் கொல்லப்பட்டும். புத்தகத்தில் படித்தது. எதிரே உட்கார்ந்திருக்கிற ஒருவர் சொல்லும்போது அந்த எண்ணிக்கைக்கு ஒரு முகம் வந்துவிட்டது. உங்கள் வீட்டில் யாரும், என்று ஆரம்பித்தேன், தம்பி வேண்டாம் அக்கா என்று தலையசைத்தான், விட்டுவிட்டேன். போகும்போது யேய் என் கையைப் பிடித்து, நீ சாப்பிட்டாயா என்று கேட்டார். அது மொழிபெயர்ப்பு இல்லாமலே புரிந்தது.

சாப்பிட்டோம், நன்றாகவே சாப்பிட்டோம். நூம் பான்ஞ்சொக் என்கிற அரிசி நூடுல்ஸ், பிழிந்து வேகவைத்து உருண்டை உருண்டையாக வைத்திருந்தார்கள், பார்ப்பதற்கு நம் இடியாப்பம். மேலே மீனும் மஞ்சளும் எலுமிச்சைப் புல்லும் தேங்காய்ப் பாலும் சேர்த்த குழம்பு, பக்கத்தில் ஒரு கட்டுப் பச்சைத் தழை. அங்கிள் ஒருவர் மூன்று முறை வாங்கினார். காலையில் இறக்கிய பதநீர் அதற்குள் அடுப்பில் காய்ந்து பாகாகியிருந்தது. வீட்டுக்கார அம்மா மரத்துடுப்பால் துழாவித் துழாவி, பனையோலையை வளையமாகச் சுற்றி வைத்து அதற்குள் ஊற்றினார். எங்கள் ஊரில் சிரட்டையில் ஊற்றுவார்கள். ஆறியதும் ஒரு வில்லை கொடுத்தார், உடன்குடிக் கருப்பட்டியைவிட நிறம் வெளுப்பு, கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது. நான் இரண்டு டாலருக்கு ஒரு கட்டு வாங்கிக்கொண்டேன்.

மத்தியானம் 2:30-க்கு அங்கோர் வாட். விடுதிக்குப் போய்க் குளிக்க நேரமில்லை, முகம் கழுவி, தோளும் முழங்காலும் மூடுகிற மாதிரி உடை மாற்றிக்கொண்டோம், அப்படி இல்லையென்றால் மேல்தளத்துக்கு விடமாட்டார்கள். அகழி மட்டும் 190 மீட்டர் அகலம், ஏதோ ஏரியைக் கடப்பதுபோல நடந்து போகிறோம். மேற்குப் பார்த்த கோயில் என்பதால் மத்தியானத்துக்கு மேல் போனதே நல்லதாகப் போயிற்று, வெயில் கோபுரத்தின் முகத்தில் விழுகிறது. 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூர்யவர்மன் விஷ்ணுவுக்குக் கட்டியது, பிறகு பௌத்தக் கோயில் ஆகிவிட்டது, இன்றைக்கும் உள்ளே புத்தருக்கு ஊதுவத்தி எரிகிறது. நடு கோபுரம் 65 மீட்டர். இதெல்லாம் எங்கேயும் படிக்கலாம், எனக்கு நின்றுபோனதைச் சொல்கிறேன்.

கிழக்குப் பிராகாரத்தில் பாற்கடல் கடைகிற சிற்பம். கிட்டத்தட்ட 49 மீட்டர் நீளம், ஒரே சுவர். ஒரு பக்கம் அசுரர், மறுபக்கம் தேவர், நடுவில் விஷ்ணு, வாசுகிப் பாம்பை இழுக்கிறார்கள். நான் சர்ச்சுக்குப் போய் வளர்ந்தவள்தான், ஆனாலும் இந்தக் கதை தெரியாத தமிழ்ப் பிள்ளை உண்டா, தமிழ் டீச்சர் சொல்லிக்கொடுத்தது அப்படியே ஞாபகம் இருக்கிறது. நான் பார்த்தது கைகளை. அத்தனை பேரும் பாம்பின் உடம்பை ஒரே பிடியாகப் பிடித்திருக்கிறார்கள், வரிசையாக, ஒரே சாய்வில், உடம்பை ஊன்றி இழுக்கிறார்கள். காலையில் வாளி தூக்கிய கை எனக்கு இன்னும் வலித்துக்கொண்டிருந்தது. செதுக்கியவர்கள் இழுக்கிற வேலை தெரிந்தவர்கள், இல்லையென்றால் தோளை அப்படிச் செதுக்க வராது.

கல் எல்லாம் குலென் மலைப்பக்கத்திலிருந்து வந்த மணற்கல். சுவரில் கிட்டப் போய்ப் பார்த்தால் கல்லுக்குக் கல் விரல் நுழைகிற அளவு வட்டத் துளைகள் இருக்கின்றன, கல்லைத் தூக்குவதற்காகப் போட்டவை என்கிறார்கள். சுற்றிலும் எல்லோரும் தேவதைச் சிற்பங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், 1,700-க்கும் மேல் இருக்கிறார்களாம், கொண்டையிலேயே எத்தனையோ விதம். எனக்குத் துளைகளைத்தான் பார்க்கத் தோன்றியது. ஒவ்வொரு துளைக்குப் பின்னாலும் கயிறு பிடித்த ஒரு கூட்டம் இருந்திருக்கும், அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இருக்காது.

எங்கள் வழிகாட்டி பெரியவர், நாங்கள் இந்திய வம்சாவளி என்று தெரிந்ததும் ஒரு தகவல் சொன்னார். இங்கே உள்நாட்டுச் சண்டை முடியாமல் இருந்த காலத்தில், 1986-லிருந்து 1993 வரை, இந்தியத் தொல்லியல் துறைக்காரர்கள் வந்து இந்தக் கோயிலில் வேலை செய்திருக்கிறார்கள். மற்ற நாடுகள் வரத் தயங்கிய காலம், அவர்கள் வந்தார்கள் என்று நன்றியோடு சொன்னார். கெமர் எழுத்தும் பல்லவ எழுத்திலிருந்து பிறந்ததுதான். என் பெயரை கெமரில் எழுதித் தரச் சொன்னேன், நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

மேல்தளத்துப் படி மிகவும் செங்குத்து, வரிசையும் நீளம், புத்தாண்டு விடுமுறைக் கூட்டம். ஆன்ட்டிக்கு முழங்கால் வலி, நானும் அவர்களோடு கீழேயே உட்கார்ந்துவிட்டேன், வருத்தமில்லை. திரும்பும் வழியில் மரத்தடியில் கண்ணிவெடியில் கால் போனவர்கள் ஏழெட்டுப் பேர் பாய் விரித்து உட்கார்ந்து வாத்தியம் வாசித்துக்கொண்டிருந்தார்கள், கழற்றி வைத்த செயற்கைக் கால் பக்கத்தில் வரிசையாக இருந்தது. பிச்சை கேட்கவில்லை, வாசித்தார்கள். நாங்களும் புல்லில் உட்கார்ந்து இரண்டு பாட்டு முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் எழுந்தோம்.

நாளைக்குக் காலையில் அதே கிராமத்தில் அடுத்த வீடு, பிறகு முதல் நாள் வைத்த வடிகட்டிகளில் தண்ணீர் ஐந்து சென்டிமீட்டர் நிற்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். போங் எனக்கென்று ஒரு அளவுகோல் கொடுத்திருக்கிறார்.

சற்று முன்னால் அம்மாவுக்கு வீடியோவில் பேசினேன். கருப்பட்டி வில்லையைக் காட்டினேன், நிறத்தைப் பார்த்துவிட்டு, பதம் கொஞ்சம் முன்னாடியே இறக்கிட்டாங்க என்றார்கள். சுண்ணாம்புக்குப் பதில் மரச்சீவல் என்றேன், ஆச்சரியப்பட்டார்கள். அப்புறம் மூங்கில் கழியை மரத்தோடு கட்டி அதில் கால் வைத்து ஏறுகிறார்கள், நெஞ்சில் தழும்பே இல்லை அம்மா என்று சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. தாத்தாவின் நெஞ்சுக்குக் கடைசி நாளில் எண்ணெய் போட்டுவிட்டது அம்மாதான்.

"மூங்கிலாட்டீ," என்றார்கள். "நம்ம ஊர்ல யாருக்கும் தோணலையே."